வந்திருந்து வாக்களிப்போர்

"ம்" என்றாள் செண்பகம். எனக்கில்லை. நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன், அவள் கணக்கில். உள்ளறை ஜன்னலில் அவளே கட்டிவிட்ட கறுப்புப் போர்வை, தலைமாட்டில் அவளே வைத்துவிட்ட செம்புத் தண்ணீர், ஒருக்களித்த கதவு, அதற்கு அந்தப் பக்கம் முன்னறையில் சுவரோடு சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு என் பெண்டாட்டி, காதில் ஒயரைச் செருகிக்கொண்டு, வேறொருவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒயர் மாட்டிக்கொள்வதே எனக்காகத்தானாம். நைட் டியூட்டி பார்த்துவிட்டு வந்து படுத்திருக்கிற மனுஷனுக்குத் தூக்கம் கெடக்கூடாதாம். அவன் குரல் வெளியே வந்தால்கூடத் தேவலை. என்ன சொல்கிறான், எங்கே இழுக்கிறான், எந்த இடத்தில் சிரிக்கிறான் என்றாவது தெரியும். அதெல்லாம் அவளுக்கு, எனக்கு இந்த ம் மட்டும். நீரேற்று நிலையத்தில் மோட்டார்களோடு உட்கார்ந்து உட்கார்ந்து என் காது வேறு மாதிரி ஆகிவிட்டது. மூன்று மோட்டாரும் சேர்ந்து இரைகிறபோது எதில் பேரிங் தேய்கிறது என்று பெஞ்சில் படுத்தபடியே சொல்லிவிடுவேன். அந்தக் காதைப் பகலில் கழற்றி வைக்க வழியில்லை. புரிந்தது என்கிற ம் சின்னது, உதட்டோடு நின்றுவிடும். மேலே சொல்லு என்கிற ம் லேசாக ஏறும். மூன்றாவது ஒன்று இருக்கிறது, மூக்கிலிருந்து வரும், நீளமாக, அடியில் சிரிப்பு கலந்து. அது ஒருகாலத்தில் எனக்கு வந்துகொண்டிருந்தது. இப்போது வந்ததே, அது மூன்றாவது. கடலைமிட்டாய் போடுகிற வீட்டிலிருந்து வெல்லப்பாகு வாசனை போர்வைக்குள் புகுந்து வருகிறது, அப்படியென்றால் மூன்று மணி தாண்டிவிட்டது. நாலரைக்கு அவள் கிளம்புவாள். அதற்குமுன் எழுந்து, முகம்கூடக் கழுவாமல், கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, சொல்லிவிட வேண்டும். இனிமே அந்தக் கிளாஸுக்குப் போக வேண்டாம். அவ்வளவுதான் வாக்கியம். கோபமில்லாமல் சொல்ல வேண்டும், குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று சொல்கிற மாதிரி. பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. நான் இதைச் சொன்னால் அவள் எதிர்த்துப் பேசமாட்டாள், பரீட்சையும் எழுதமாட்டாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லப்போகிறேன்.

இளஞ்சேரன். இளஞ்சேரன் சார். முப்பது இருக்காது. செண்பகத்தைவிடச் சின்னவன் என்பது முதலில் நிம்மதியாக இருந்தது, பிறகு அதுவே முள்ளாகிவிட்டது, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கொண்டுபோய்ச் சேர்த்ததே நான்தான். செருப்புக்கடை மாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு வெள்ளைப் பலகை. அவன் என்னை மேலிருந்து கீழே பார்த்தான். "சார் என்ன பண்றீங்க?" என்றான். பம்ப் ஆபரேட்டர் என்றேன். "நைட்டா? கண்ணு சொல்லுது சார். நீங்க போய் நிம்மதியாத் தூங்குங்க, மேடத்தை நாங்க பார்த்துக்கிறோம்." நாங்க பார்த்துக்கிறோம். நாங்க என்றால் யார்? அங்கே அவன் ஒருவன்தான் இருந்தான். இந்த வார்த்தையை இத்தனை மாதமாக வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டே இருக்கிறேன், கரையவில்லை. அவன் மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் பிடிபடவில்லை, ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே கையைப் பிடித்துக் கூட்டி வந்திருப்பேன். போன வாரம் குக்கரில் ஆவி ஒழுகியது. நான் கேஸ்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து வாங்கி, "சிம்பிள் லாஜிக்தாங்க, பாருங்க" என்று மாட்டிவிட்டாள். சிம்பிள் லாஜிக். எங்கள் வீட்டில் அந்த வார்த்தை கிடையாது. அவள் பேச்சில் அப்படி ஒரு சாமானை நான் பார்த்ததில்லை. யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி அது அடுக்களையில் கிடந்தது, ரசம் கொதிக்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு ஒட்டிக்கொள்ளும், கிளாஸ் என்றால் அப்படித்தான், எனக்கும் தெரியும். ஆனால் என் பேச்சு அவளிடம் என்ன ஒட்டியிருக்கிறது? யோசித்துப் பார்த்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பத்தாவதோடு சரி. எட்டயபுரம் ரோட்டுப் பழைய பேப்பர்க் கடையில் எடைக்கு வந்து கிடந்த புத்தகம் அது, அரசியல் சட்டத்துக்குத் தமிழில் விளக்கம், முன்னட்டை இல்லை, முதல் பக்கங்கள் இல்லை, யார் எழுதினார் எப்போது அச்சடித்தது ஒன்றும் இல்லை, நேரே மக்களாகிய நாம் என்று ஆரம்பிக்கும். அந்த நாம் என்கிற இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். என்னையும் சேர்த்து யாரும் நாம் என்று சொன்னதில்லை. மோட்டார் இரைச்சலில் சத்தம் போட்டுப் படிப்பேன், கேட்க ஆள் இல்லை. காலையில் வீட்டுக்கு வரும்போது கழுத்து வரை நிரம்பியிருக்கும். அவள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருப்பாள், எதிரே உட்கார்ந்து கொட்டுவேன். கிட்டத்தட்ட மூன்று வருஷம் உட்கார்ந்து பேசித்தான் எழுதினார்கள் என்று சொன்னபோது அவள் காயை நிறுத்திவிட்டாள். "மூணு வருஷமா? சண்டை போட்டுக்கிடலையாக்கும்?" "சண்டைதான். ஒவ்வொரு வரிக்கும் சண்டை." "ஆம்பளைக சேந்தா அப்படித்தான்." "பொம்பளைகளும் இருந்தாங்க. பதினஞ்சு பேரு." "அப்படிச் சொல்லுங்க. அதான் முடிஞ்சிருக்கு." அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் பேசுவதற்கு ஏதாவது வேண்டியிருந்தது, மற்றவர்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் நாங்கள் சட்டம் பேசினோம். முதல் திருத்தமே நம்ம மெட்ராஸால் வந்தது என்று சொன்னேன். காலேஜ் சீட்டைச் சாதிவாரியாகப் பிரித்துக் கொடுத்த உத்தரவு, செல்லாது என்று கோர்ட்டில் தீர்ப்பு, ஊரெல்லாம் கொந்தளிப்பு, சட்டம் பிறந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் திருத்தினார்கள். "அவ்வளவு பாடுபட்டு எழுதினதை அதுக்குள்ளயா?" என்றாள். "திருத்த முடியாத சட்டம் செத்த சட்டம்" என்றேன். புத்தகத்தில் இருந்த வரி. என்னுடையது போல் சொன்னேன். ம் என்றாள், நீளமாக. மூன்றாவது ம். நீங்க மட்டும் படிச்சிருந்தா என்று ஒருநாள் ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள், நான் அதை முடித்துக்கொள்ளாத இரவு கிடையாது. பிறகு நானே சொன்னேன், நீ எழுது, குரூப் பரீட்சையில் இதெல்லாம்தான் கேட்கிறான், உனக்குப் பாதி நான் சொல்லிக்கொடுத்தாச்சு, மீதிக்குக் கிளாஸ் சேர்ந்துக்க. மீதிக்கு என்றுதான் சொன்னேன். மீதி வந்து பாதியை விழுங்கிவிட்டது. இப்போது காலையில் நான் ஏதாவது ஆரம்பித்தால் அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே சின்ன ம் போடுகிறாள், உதட்டோடு நிற்கிறது.

முந்நூற்று அறுபத்தெட்டாவது சரத்து. எனக்குப் பிடித்தது அதுதான், பக்கம் எண்ணெய்க் கறையோடு தனியாகவே பிரிந்துகொள்ளும். திருத்த வேண்டுமென்றால் வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அது மட்டும் போதாது. மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும் வேண்டும். எழுதினவன் கில்லாடி. யாரும் வராத நாளாகப் பார்த்து நாலு பேர் கூடிக் கையைத் தூக்கிவிட முடியாது. வராதவனையும் எண்ணியாக வேண்டும். சில சங்கதிகளுக்கு அதுவும் போதாது, மாநிலங்களில் பாதி ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த வீட்டில் மொத்த உறுப்பினர் இரண்டு பேர். நான் இந்தப் போர்வை இருட்டில் கிடக்கிறேன், வந்திருக்கவில்லை. அவள் ஒருத்தி வந்திருந்து ஒருத்தி வாக்களித்தால் மூன்றில் இரண்டு என்ன, முழுசும் கிடைத்துவிடும். ஆனால் இரண்டில் பாதிக்கு மேல் என்றால் இரண்டு பேரும்தான். அப்படியென்றால் என்னைக் கேட்காமல் அவள் எதையும் மாற்றியிருக்க முடியாது. ஆனால் மாறிவிட்டதே. சாயங்காலம் தலைவாரிக்கொண்டு கிளம்புகிறாளே, கண்ணாடியை ஒருதரத்துக்கு இரண்டுதரம் பார்க்கிறாளே, அதற்கு நான் எப்போது கை தூக்கினேன்? தூக்கினேன். சேர்த்துவிட்டது நான்தான். தூக்கின கையை இறக்குவதற்கு அந்தச் சரத்தில் வழி சொல்லியிருக்கிறதா? இருக்கிறது, இன்னொரு திருத்தம். அதற்கும் பாதிக்கு மேல் வேண்டும். அதாவது அவளும் வேண்டும். கிளாஸுக்குப் போகாதே என்று நான் ஒருவன் சொன்னால் அது வெறும் ஒன்று. ஒன்று என்பது இரண்டில் சரிபாதி, பாதிக்கு மேல் இல்லை. செல்லாது. செல்லாவிட்டால் என்ன, அவள் கேட்டுக்கொள்வாள், என் சொல்லை மீறமாட்டாள், நான் சட்டம் பேசிக்கொண்டு கிடக்கிறேன், நடப்பு வேறு. தலையணையைத் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கமும் சூடுதான். ஒருவேளை அவன் பாடத்துக்கு நடுவில் வேறு ஏதாவது பேசுவானோ? எல்லாருக்கும் அனுப்புகிற ஆடியோதான் என்று அவள் சொன்னாள், நாற்பது பேர் கேட்கிறார்களாம். நாற்பது பேரும் இப்படி ம் போடுவார்களா?

வாசலில் செருப்புச் சத்தம். ஜெனிபா. நாலு வீடு தள்ளி இருக்கிற பெண், அவளும் அதே கிளாஸ், கல்யாணம் ஆகாதவள், வாய் நிற்காது. "அண்ணன் தூங்குறாகளா?" என்று குசுகுசுத்தாள், குசுகுசுப்பே தெருமுனைக்குக் கேட்கும். "தூங்குறாக. மெதுவா." "யக்கா, நான் கேக்கேன், நீங்க சொல்லுங்க. தப்பாச் சொன்னா குச்சி ஐஸ் வாங்கித் தரணும்." "நீ தப்பாக் கேட்டா?" "நான் எதுக்குத் தப்பாக் கேக்கேன்? முதல் திருத்தம்?" "அம்பத்தொண்ணு. மெட்ராஸ் கேஸு." அது என்னுடையது, நான் கொடுத்தது, என்று கண்ணை மூடிக்கொண்டு எனக்கு ஒரு மார்க் போட்டுக்கொண்டேன். "ஏழாவது?" "மாநிலத்தைப் பிரிச்சது. அம்பத்தாறு." அதுவும் என்னுடையது. "நாப்பத்திரெண்டு?" "எமர்ஜென்சி. எதிர்க்கட்சிக்காரங்களை உள்ள போட்டுட்டுப் பண்ணினது. குட்டி அரசியலமைப்புன்னு பேரு." இது என்னுடையது இல்லை. என் புத்தகத்தில் அப்படி ஒன்று கிடையாது. "நாப்பத்திநாலு?" என்றாள் ஜெனிபா, கேட்கும்போதே சிரித்துவிட்டாள். "அதைக் கேப்பியே நீ. சொத்துரிமையை அடிப்படை உரிமையிலேருந்து எடுத்தது. எழுபத்தெட்டு." நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கட்டில் கிறீச்சிட்டது, மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சொத்துரிமையை எடுத்தார்களா? முப்பத்தோராவது சரத்து, என் புத்தகத்தில் நடுப்பக்கத்தில் அழகாக இருக்கிறது, அடிப்படை உரிமை ஏழு, சமத்துவம், சுதந்திரம், சுரண்டலுக்கு எதிரானது, சமயம், பண்பாடும் கல்வியும், சொத்து, கோர்ட்டுக்குப் போகிற உரிமை, ஏழு, நூறு தரம் சத்தம் போட்டுப் படித்திருக்கிறேன். அவன் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறான். அப்பாடா. பெரிய சார். உடம்பெல்லாம் குளிர்ந்த மாதிரி இருந்தது. இதைவிட நல்ல வாக்கியம் கிடைத்துவிட்டது, போகாதே என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, புத்தகத்தைக் கொண்டுபோய் அவள் மடியில் விரித்து வைத்தால் போதும், உங்க சாரையே படிச்சுப் பார்க்கச் சொல்லு என்று சொல்லிவிட்டுப் போய் முகம் கழுவலாம். மாடிப்படி ஏறி, அந்த வெள்ளைப் பலகைக்கு முன்னால் நானே நின்று, நைட் டியூட்டிதான் தம்பி, கண்ணு நல்லாத் தெரியும் என்று. செண்பகம் மூன்றாவது வரிசையில் இருந்து பார்க்கிறாள். அதற்குள் ஜெனிபா சொன்னாள், "இது மறக்குமாக்கா உங்களுக்கு? ஏழுன்னு எந்திரிச்சு நின்னீகளே அன்னைக்கு. கிளாஸே சிரிச்சுதே." "போதும்டி." "எந்தக் காலத்துப் புக்கும்மா படிச்சீங்க, எங்க தாத்தா வச்சிருந்ததான்னு சார் கேட்டாகளே. பார்லிமென்ட்ல எடுத்தே இத்தனை வருஷம் ஆச்சும்மா, இப்ப அது சாதா உரிமைதான், அடிப்படை இல்லன்னாகளே." "மெதுவாப் பேசுன்னேன்." "வீட்ல அண்ணன்தான் சொல்லிக்குடுத்தாகன்னு சொல்லியிருந்தா சாரு அம்புட்டுக் கேலி பண்ணியிருக்க மாட்டாக. நானாத் தப்பாப் படிச்சுட்டேன்னு ஏன்க்கா சொன்னீக? முழு வகுப்பும் உங்களைப் பாத்துச் சிரிச்சுது." செண்பகம், "அவுக தூங்குறாக. வாயை மூடிக்கிட்டு அடுத்ததைக் கேளு."

அடுத்ததை அவள் கேட்டாள், இவள் சொன்னாள், என் காதில் விழவில்லை. எழுபத்தெட்டு. நான் தவழ்ந்துகொண்டிருந்திருப்பேன். நான் அந்தப் புத்தகத்தைப் பேப்பர்க் கடையில் எடுத்தபோதே அது செத்துப்போன புத்தகம். திருத்தலாம், எப்படித் திருத்தலாம், எத்தனை பேர் கை தூக்க வேண்டும் என்று எண்ணெய்க் கறை படியப் படியப் படித்திருக்கிறேன், அதில் உள்ளதையே திருத்தியிருப்பார்கள் என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லை. பேப்பரில் பார்த்திருக்கிறேன், நூறாவது திருத்தம், அதற்கு மேலும் என்று, அதெல்லாம் எங்கேயோ ஓரத்தில் நடக்கிற காரியம், என் ஏழும் நான் வைத்த இடத்தில் இருக்கும் என்று இருந்துவிட்டேன். சாதா உரிமை. சட்டம் போட்டால் எடுத்துக்கொள்ளலாம். சரி, அது போகட்டும். எப்போது எழுந்து நின்றாள்? ஆடி மாதமா, தீபாவளியை ஒட்டியா? ஏனென்றால் கார்த்திகையில் ஒருநாள் காலையில் நான் ஏழையும் வரிசையாகச் சொல்லி, ஆறாவதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே விளக்கி, இவள் தோசையைத் திருப்பிக்கொண்டு, ம் என்றாள். உதட்டோடு நின்ற ம். நான் அதைக் கவனக் குறைவு என்று எண்ணினேன், மனசு செருப்புக்கடை மாடியில் இருக்கிறது என்று எண்ணினேன், அன்றைக்குப் பூராவும் தூங்கவில்லை. அவள் தெரிந்தே போட்டிருக்கிறாள். அது தப்பு என்று தெரிந்து, என் முகத்தைப் பார்த்து, தோசையைப் பார்த்து. அப்படியானால் எத்தனை ம் அப்படி? என் பேரை அங்கே எடுக்காமல் சிரிப்பை அவள் வாங்கிக்கொண்டாள். இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். படுகிறேன். ஆனால் அவன் சிரித்தது அவளைப் பார்த்து, அவள் சிவந்துபோய்த் தலை குனிந்திருப்பாள், குனிந்த அந்த முகத்தை அவன் பார்த்திருக்கிறான், நான் பார்த்ததில்லை. அவளுக்கும் அவனுக்கும் நடுவில் என் தப்பு ஒரு ரகசியமாக, எனக்குத் தெரியாமல், இத்தனை மாதம். இல்லை, அவனுக்கு என் தப்பென்று தெரியாது, அவளுடையது என்றுதானே நினைக்கிறான். அதுவும் பொறுக்கவில்லை. என் தப்பைக்கூட அவன் அவளிடமிருந்துதான் எடுத்துத் திருத்தியிருக்கிறான். நான் இருக்கிற இடமே அவனுக்குத் தெரியாது. நைட் டியூட்டி, கண்ணு சொல்லுது.

"நான் போய் வண்டியத் திருப்பி வைக்கேன், வாங்க" என்று ஜெனிபா வெளியே போனாள். நாலே கால் இருக்கும். எழுந்தேன். முகம் கழுவவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நினைத்து வைத்திருந்தபடியே. முன்னறை வெளிச்சம் கண்ணில் குத்தியது. செண்பகம் கண்ணாடி முன்னால் நின்று பின்னலின் நுனியில் ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள், வலது காதில் ஒயர், இடது காது ஒயர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. "அடடா, முழிச்சுட்டீகளா? அந்தக் கழுதை சத்தம் போட்டுட்டா. டீ போடட்டா? அஞ்சு நிமிஷம்தான்." வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. இனிமே அந்தக் கிளாஸுக்கு. உப்பு கூடிவிட்டது மாதிரி. "அடிப்படை உரிமை எத்தனை?" என்றேன். ரப்பர் பேண்டைச் சுற்றின கை நின்றது. கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். கட்டில் கிறீச்சிட்டதை நினைத்திருப்பாள், ஜெனிபா பேசினதை நினைத்திருப்பாள், எவ்வளவு தூரம் கேட்டது என்று என் முகத்தில் தேடினாள். நான் தூக்கக் கலக்கம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். வெளியே ஹாரன் அடித்தது. நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு வாசல்படி தாண்டுகிறவள் மாதிரி மெதுவாகத் திரும்பி, "ஏழு" என்றாள். கண் இமைக்கவில்லை. "நீங்கதான் சொல்லிக்குடுத்தீக." பரீட்சை ஹாலிலும் அப்படியே எழுதிவிட்டு வந்துவிடுவாளோ என்று ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். எழுதினாலும் எழுதுவாள். "ஆறு" என்றேன். "எழுபத்தெட்டுல எடுத்துட்டாங்க. என் புஸ்தகம் பழசு. ஆறுன்னு எழுது." அவளுக்கு மூக்கு நுனி சிவந்தது, மாடியில் அன்றைக்கு இப்படித்தான் சிவந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டேன். ஹாரன் மறுபடி. "நேரமாச்சு. போயிட்டு வா" என்றேன். போகாதே என்பதற்கு என்று எடுத்துவைத்திருந்த மூச்சில்தான் அதைச் சொன்னேன். பையை எடுத்தாள். வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "ம்" என்றாள். நீளமாக, மூக்கிலிருந்து, அடியில் ஏதோ கலந்து. வண்டி கிளம்பி, தெருமுனை திரும்பி, சத்தம் தேய்கிற வரைக்கும் நின்றேன். வலது காதில் ஒயர் இருந்தது. இடது காது என் பக்கம் இருந்தது. மூன்று மோட்டாரில் எது தேய்கிறது என்று சொல்கிற காது, அந்த ம் எந்தக் காதுக்குப் போட்டது என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறது.